வணிக அறம் யாருக்குக் கற்பிக்கப்படுகிறது?

பென்னாகரம் வட்டாரத்தில் பி.காம். முடித்து வரும் ஒரு மாணவியோ மாணவரோ அடுத்து எங்கே போய் உட்காருவார் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு, பெங்களூரில் மொத்த வியாபாரி ஒருவரின் பில் மேசை, திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் சம்பளப் பட்டியல், தர்மபுரியில் ஆடிட்டர் அலுவலகத்தின் ஜிஎஸ்டி வேலை, நுண்கடன் நிறுவனம் ஒன்றில் வசூல் வேலை. இவற்றில் ஒன்றுகூட முடிவெடுக்கும் இடம் இல்லை. வேறொருவர் எடுத்த முடிவைக் கணக்கில் ஏற்றும் இடங்கள் இவை. வணிக அறத்தை எப்படிக் கற்பிப்பது என்று உலகெங்கும் உயர்கல்வி நிறுவனங்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக எழுதிக் குவித்திருப்பதை இந்த மேசையில் உட்கார்ந்து படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். மேற்கத்தியப் பாடம் நிர்வாக இயக்குநரைப் பார்த்துப் பேசுகிறது. சீனப் பாடம் நாட்டுக்குக் கடமைப்பட்ட குடிமகனைப் பார்த்துப் பேசுகிறது. நம் கல்லூரிகளின் விழுமியக் கல்வித் தாள் எந்த வேலையும் பார்க்காத, பொதுவான ஒரு நல்ல மனிதரைப் பார்த்துப் பேசுகிறது. பொய்க் கணக்கு உண்மையில் எழுதப்படும் மேசையில் இருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை. இது தற்செயலான விடுபடல் அன்று என்பதும், அந்த மேசைக்கான பாடம் தர்மபுரி மாவட்டத்திலேயே கல்லூரிக்கு வெளியே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மேற்கிலிருந்து தொடங்குவோம். ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கப்பட்டது. அறக் கல்விக்கு அங்கே பெரும்பணம் வந்தது 1987-இல். வால் ஸ்ட்ரீட்டில் உள்தகவல் வணிக ஊழல்கள் வெடித்திருந்த நேரம் அது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் தலைவராக இருந்த ஜான் ஷாட், தாம் படித்த அந்தப் பள்ளிக்கு அறம் கற்பிப்பதற்காக 2 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். 2001-இல் என்ரான் நிறுவனம் கணக்கு மோசடியில் விழுந்தது. அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் 1979-இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. பெற்றவர். 2004-இல் தலைமைப் பண்பும் நிறுவனப் பொறுப்பும் பற்றிய பாடம் அங்கே கட்டாயமானது. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2009-இல் பட்டம் பெற்ற மாணவர்களே மருத்துவர்களின் உறுதிமொழி போல ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஊழல் வெடிக்கும், பாடம் கூடும், பிறகு அடுத்த ஊழல் வரும்: இதுதான் அங்கே நடந்த வரிசை. அதைவிடக் கவனிக்க வேண்டியது பாடம் நடத்தும் முறை. ஒரு நிறுவனத்தின் சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கங்களில் கதையாகத் தந்து, நீங்கள் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வகுப்பில் விவாதிக்க விடுவது ஹார்வர்டின் முறை. உலகம் முழுவதும், நம் ஐ.ஐ.எம்.களிலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அந்தக் கதைகளின் ‘நீங்கள்’ பெரும்பாலும் ஒரு தலைமை அதிகாரி, ஒரு பிரிவின் தலைவர், ஒரு முதலீட்டாளர். தகவல் எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. மனசாட்சி எந்தப் பக்கம் சாயும் என்பது மட்டுமே மிச்சமுள்ள கேள்வி.

இந்த முறையின் பலன் என்ன என்று மேற்கிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். டொனால்ட் மெக்கேபும் அவருடைய கூட்டாளிகளும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் மேற்படிப்பு படிக்கும் வணிக மாணவர்களில் 56 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் காப்பியடித்ததாக ஒப்புக்கொண்டார்கள். மற்றத் துறை மாணவர்களிடம் அது 47 விழுக்காடு. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வணிக அறப் பாடங்களின் தாக்கம் மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்தது. பிற்பாடு வந்த தொகுப்புகள் சற்று நம்பிக்கை தருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். இவற்றையெல்லாம் விடக் கூர்மையான விமர்சனம் லண்டன் வணிகப் பள்ளியில் பணியாற்றிய சுமந்திர கோஷலிடமிருந்து வந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 2005-இல் வெளியான கட்டுரையில், கேடு அறப் பாடத்தின் பற்றாக்குறையால் வருவதில்லை என்றார். மனிதன் தன்னலம் மட்டுமே கருதுபவன், நிறுவனத்தின் ஒரே கடமை பங்குதாரருக்கு லாபம் ஈட்டுவது என்று மற்ற வகுப்புகள் ஒவ்வொரு நாளும் கற்பிப்பதுதான் காரணம் என்பது அவர் வாதம். மில்ட்டன் ஃப்ரீட்மன் 1970-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை நிதி வகுப்பில் உண்மையாகவும் அற வகுப்பில் ஒரு கருத்தாகவும் சொல்லப்படுகிறது. எது தேர்வுக்கு, எது வாழ்க்கைக்கு என்று பிரித்துப் பார்க்க மாணவனுக்குத் தெரியாதா என்ன? இடையில் ஒரு வேடிக்கை: படிவத்தின் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012-இல் புகழ்பெற்ற இதழொன்றில் வந்த ஆய்வு, அதன் ஒரு பகுதிக்கான தரவு புனையப்பட்டது என்று தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையை ஆராய்ந்த கட்டுரையின் கதி அது.

ஆனால் கோஷலின் விமர்சனமும் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. தலைவர்களின் மனத்தில் என்ன கோட்பாடு இருக்கிறது என்பதோடு அவர் பார்வை முடிகிறது. அந்தக் கோட்பாடு கணக்கேடாக மாறும் இடம் வேறு. வேர்ல்ட்காம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில், காலாண்டு லாபம் குறைந்துவிட்டது, 82.8 கோடி டாலரைச் செலவிலிருந்து கழித்துக் காட்டுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கணக்குப் பிரிவின் இடைநிலைப் பணியாளரான பெட்டி வின்சன் அந்தப் பதிவைப் போட்டார். அது தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேலையை விட்டு விலகக் கடிதமும் எழுதி வைத்திருந்தார், கொடுக்கவில்லை. ஒரே ஒரு முறைதான் என்று சொன்னார்கள். அடுத்த காலாண்டிலும் போட்டார், அதற்கடுத்ததிலும் போட்டார். 2002-இல் சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைக் கண்டுபிடித்தது. 2005-இல் வின்சனுக்கு ஐந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் 2016-இல் வெளிவந்தது இன்னும் அப்பட்டம். நாள்தோறும் இத்தனை புதுக் கணக்கு என்ற இலக்கை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கான கணக்குகளைக் கிளைப் பணியாளர்கள் திறந்திருந்தார்கள். வங்கி வேலையை விட்டு நீக்கியவர்கள் சுமார் 5,300 பேர். அவர்களில் பெரும்பாலோர் கீழ்நிலையில் இருந்தவர்கள். ஹார்வர்டின் எந்தப் பாடமும் அவர்களுக்காக எழுதப்பட்டதில்லை. எழுதப்பட்டிருந்தாலும், ‘நீங்கள் தலைமை அதிகாரியாக இருந்தால்’ என்று தொடங்கும் கேள்வியால் அவர்களுக்கு என்ன பயன்?

சீனாவில் கதை வேறு வழியில் வருகிறது. அங்கே எம்.பி.ஏ. படிப்பே 1991-இல்தான், ஒன்பது பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதன் வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது, கதை சொல்லி விவாதிக்கும் முறை உட்பட. அறத்தைப் பொறுத்தவரை சீனக் கல்விக்குச் சொந்தமாக இரண்டு கையிருப்புகள் இருந்தன. ஒன்று கன்ஃபூசிய மரபு. நாட்டுக்கு என்ன லாபம் கொண்டுவந்தீர் என்று லியாங் நாட்டு அரசன் கேட்க, லாபத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று மென்சியஸ் மறுத்துச் சொல்வதோடுதான் அவர் பெயரிலான நூல் தொடங்குகிறது. லாபத்தையும் அறத்தையும் இணைத்து நடக்கும் ‘கன்ஃபூசிய வணிகர்’ என்ற முன்மாதிரி அங்கே வணிகப் பள்ளிகளில் இன்றும் பேசப்படுகிறது. 1894-இல் பேரரசுத் தேர்வில் முதலிடம் பெற்று, பிறகு நான்டோங்கில் பருத்தி ஆலையும் பள்ளிகளும் கட்டிய ஜாங் ஜியான் அதற்கு எடுத்துக்காட்டு. 2020-இல் ஷி ஜின்பிங் அவரைப் பாராட்டிப் பேசியதும் அந்த வரிசையில்தான். இன்னொரு கையிருப்பு அரசு. ஒழுக்கமும் சட்டமும் பற்றிய அரசியல் கோட்பாட்டுப் பாடம் அங்கே எல்லா இளநிலை மாணவர்களுக்கும் கட்டாயம். 2020-இல் கல்வி அமைச்சகம் இன்னும் ஒரு படி போய், கணக்கியல் உட்பட ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் அந்தக் கல்வி கலந்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சட்டத்தாலும் அறம் பேசப்படுகிறது: 2005-இல் திருத்தப்பட்ட சீன நிறுவனச் சட்டம், நிறுவனங்கள் வணிக ஒழுக்கத்தைக் கடைப்பிடித்துச் சமூகப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தியா 2013-இன் சட்டத்தில் லாபத்தில் 2 விழுக்காடு என்று எண் போட்டதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு அது.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகளுக்குள் சான்லு பால்மாவு விவகாரம். ஹெபெய் மாகாணத்தின் ஷிஜியாஜுவாங்கில் இருந்த அந்த நிறுவனம் நாட்டின் பெரிய பால்மாவு நிறுவனங்களில் ஒன்று. அதன் தரம் சோதனையே தேவையில்லாத அளவுக்கு உயர்ந்தது என்று அரசே விலக்குச் சான்று தந்திருந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் புரதத்தைக் கணக்கிட்டார்கள். நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், கருவி புரதம் இருப்பதாகக் காட்டிவிடும். பால் சேகரிக்கும் இடங்களில் அதைக் கலந்தார்கள். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது நிறுவனத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் செய்தி தெரிந்திருந்தது. மக்களுக்குத் தெரிந்தது செப்டம்பரில். ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. நிறுவனத் தலைவிக்கு ஆயுள் தண்டனை, இருவருக்கு மரண தண்டனை. இந்த வழக்கு கன்ஃபூசிய மரபு போதாது என்றோ சோசலிசக் கல்வி பொய் என்றோ எதையும் நிரூபிக்கவில்லை. அது காட்டுவது வேறு: பால் பிடிக்கும் இடத்தில் ஒரு எண்ணுக்கு விலை வைத்தார்கள், அந்த எண்ணை உயர்த்த வழி இருந்தது, உயர்த்துபவரைப் பார்க்கக்கூடிய கண் மேலே மட்டுமே இருந்தது, அந்த மேலிடத்துக்குப் பார்க்காமல் இருப்பதில் நன்மை இருந்தது.

இதைத் தொலைதூரச் செய்தியாக நினைக்க வேண்டியதில்லை. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கை ஆலைகள் அதிலுள்ள மாவுச்சத்தை வைத்து, ‘பாயிண்ட்’ கணக்கில் வாங்குகின்றன. பாயிண்ட்டை அளப்பது வாங்குபவர் தரப்பு. விலை முடிவதும் அந்த எண்ணில்தான். கிழங்கு ஜவ்வரிசியாக மாறிய பிறகு இன்னோர் அளவுகோல் வருகிறது. வெண்மை கூடினால் விலை கூடும். வெண்மை என்பது தூய்மையின் அடையாளமாகத் தொடங்கிய ஒன்று. தூய்மை இல்லாமலே வெண்மையைக் கொண்டுவர வேதிப்பொருள் இருக்கிறது. மரவள்ளி மாவுக்குப் பதில் மலிவான மக்காச்சோள மாவைக் கலக்கவும் வழி இருக்கிறது. சேலம் வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை இவை இரண்டுக்காகவும் பலமுறை சோதனை நடத்தி நடவடிக்கை எடுத்திருக்கிறது. ஆலைகளின் சரக்கைத் தரம் பார்த்து விற்க 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அப்படிப்பட்ட பொது அமைப்பு இருக்கும் தொழிலிலேயே இது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நைட்ரஜனும் வெண்மையும் ஒரே வகைப் பிழை: பார்க்க வேண்டிய பொருளுக்குப் பதிலாக அளக்க எளிதான அடையாளத்துக்கு விலை கொடுப்பது. வணிகக் கணக்கியல் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்து இதை விளக்கிவிடலாம். ஆனால் நம் பாடத்திட்டத்தில் அறம் இருக்கும் இடமே வேறு.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அது நான்காம் பகுதியில் வரும் சிறிய தாள். விழுமியக் கல்வி, யோகா, சுற்றுச்சூழல் என்று பெயர் பெறும் இத்தாள்களுக்கு மதிப்பெண் இருக்கிறது, மரியாதை இல்லை. பொறியியல் மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் வைத்த தொழில் அறப் பாடத்தில் லாரன்ஸ் கோல்பெர்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகள் வரும், சேலஞ்சர் விண்கல விபத்து வரும். மேலாண்மைக் கல்வியில் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் எஸ்.கே. சக்கரவர்த்தி 1990-களில் மனித விழுமியங்களுக்கென ஒரு மையம் அமைத்து, இந்தியத் தத்துவத்திலிருந்து நிர்வாகியின் அகத் தூய்மையைக் கற்பிக்க முயன்றார். மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் அங்கேயும் ‘நீங்கள்’ ஒரு நிர்வாகிதான். நம் மரபில் இதற்கு மாற்றுச் சிந்தனை இல்லாமல் இல்லை. கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாத புகார் வணிகர்களைப் பட்டினப்பாலை காட்டும்போதும், நடுவு நிலைமைக்குக் குறள் தராசுக் கோலை உவமை சொல்லும்போதும், அறம் அளவையிலும் எடையிலும் வைக்கப்படுகிறது. வகுப்பறை அதை அளவையிலிருந்து பிரித்து மனப்பாடப் பகுதியாக மாற்றிவிட்டது. விளைவை 2009 ஜனவரி 7 அன்று நாடு பார்த்தது. 7,000 கோடி ரூபாய்க்கும் மேல் கணக்கில் பொய் காட்டியதாகச் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதினார். சில மாதங்களுக்கு முன்புதான் நிறுவன ஆளுகைக்காகத் தங்க மயில் விருதைச் சத்யம் வாங்கியிருந்தது. இயக்குநர் குழுவில் ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஒருவரும், ஐதராபாத் இந்திய வணிகப் பள்ளியின் முதல்வரும் இருந்திருக்கிறார்கள். சான்லுவின் விலக்குச் சான்றும் இந்த விருதும் ஒரே ரகம். ஆயிரக்கணக்கான போலி விலைப்பட்டியல்கள் நிறுவனத்தின் கணினி அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன என்று பிற்பாடு விசாரணையில் வந்தது. யாரோ ஒருவர் அவற்றை உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். முறைமை, அளவுகோல் என்று பேசிக் குணத்தைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள், கடைசியில் இல்லை என்று சொல்ல ஒரு மனிதன் வேண்டுமல்லவா என்பது அது. வேண்டும்தான். கோலார் தங்கவயலைச் சேர்ந்த சண்முகம் மஞ்சுநாத் அப்படி ஒருவர். லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி பகுதியில் எரிபொருளில் கலப்படம் செய்த பெட்ரோல் நிலையத்தை மூட வைத்தார். அது மறுபடி திறந்தபோது திடீர்ச் சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 27. அவருடைய நேர்மையைப் பாடமாக வைப்பது நியாயம். ஆனால் அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? நேர்மை என்பது உயிரைக் கொடுப்பவர்களுக்கானது, எனக்கானது இல்லை என்ற முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தனி மனிதர் துணையில்லாமல் அத்தனை பெரிய பாரத்தைத் தூக்க வேண்டிய நிலை எப்படி வந்தது, சோதனைக்கு ஏன் ஒருவர் மட்டும் போனார், கலப்படத்தால் யார் நட்டப்பட்டார்களோ அந்த விவசாயிகளுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் அளந்து பார்க்கும் உரிமை ஏன் கையில் இல்லை என்ற கேள்விகளை எழுப்பினால்தான் அவருடைய கதை வகுப்பறைக்குப் பயன்படும். பெட்டி வின்சனும் மஞ்சுநாத்தும் ஒரே நிலையில் இருந்தவர்கள். ஒருவர் பணிந்தார், ஒருவர் மறுத்தார். இருவருக்கும் நடுவே, பணியாமலும் பலியாகாமலும் இருக்கும் வழிகளைக் கற்பிப்பதுதான் கல்லூரிக்குச் செய்யக்கூடிய வேலை.

அப்படிப்பட்ட ஒரு வழி தர்மபுரி மாவட்டத்தில் 1989-இல் தொடங்கியது. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதலில் அமைத்தது அன்று கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த இம்மாவட்டத்தில்தான். இந்தியன் வங்கி கடன் தந்தது. தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது 1992-இல். அதற்கும் முந்தையது இது. இதைப் பெண்கள் முன்னேற்றம் என்றோ சிறுசேமிப்பு என்றோ எழுதுவதே வழக்கம். வணிக அறக் கல்வியாக யாரும் எழுதியதில்லை. ஆனால் உள்ளே நடப்பதைப் பாருங்கள். பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரையிலான குழுவுக்கு ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வங்கிக் கணக்கில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுப் பணம் எடுக்க முடியாது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்புத்தகம். கூட்டம் கூடும்போது யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன், கையிருப்பு எவ்வளவு என்று எல்லார் முன்னும் படிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் தன் தொகை காதில் விழும். தவறாமல் கூடுவது, சேமிப்பது, குழுவுக்குள் கடன் கொடுப்பது, திருப்பிக் கட்டுவது, கணக்கை ஒழுங்காக எழுதுவது என்ற ஐந்து விதிகளும் பிற்பாடு தேசிய அளவில் பஞ்ச சூத்திரம் என்ற பெயரில் வங்கிகளின் தரமதிப்பீட்டு அளவுகோலாகவே ஆயின. இவற்றில் எங்கும் நேர்மையாக இரு என்ற உபதேசம் இல்லை. கணக்கு எழுதுபவரும், கணக்கு தப்பினால் இழப்பவரும் ஒரே வட்டத்தில் உட்காருகிறார்கள். வேர்ல்ட்காமிலும் சான்லுவிலும் சத்யத்திலும் இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

குழுக்களை இலட்சியமாக்கிப் பேசுவதாக இதைப் படிப்பவர்கள் சொல்லக்கூடும். அந்த அச்சம் நியாயமானது. ஊக்குநர் பணத்தைக் கையாண்டுவிட்ட குழுக்கள் உண்டு. பெயர் பெண்ணுடையதாகவும் பணம் கணவருடையதாகவும் இருந்த கடன்கள் உண்டு. ஏழைப் பெண்ணை மற்ற ஏழைப் பெண்கள் நெருக்கி வசூலிக்கும் கூட்டு அழுத்தம் எல்லார் முன்னும் படிக்கப்படும் கணக்கின் மறுபக்கம். ஆனால் இந்த முறையின் சாரம் எது என்பதை, அது எடுபட்டுப் போனபோது நடந்ததை வைத்து அறியலாம். லாப நோக்குடைய நுண்கடன் நிறுவனங்கள் குழு வடிவத்தை எடுத்துக்கொண்டன. கூட்டுப் பொறுப்பை வைத்துக்கொண்டன. பேரேட்டை மட்டும் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுபோயின. உறுப்பினர்கள் கையில் இருந்தது தவணை அட்டை. எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் 2010-இல் பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் தொல்லையால் நேர்ந்த தற்கொலைகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. தமிழ்நாடு 2025-இல், கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. இடையில், 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள், ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றன. நல்ல விதி. ஆனால் அந்தக் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்து படிவத்தில் எழுதுபவர் யார்? நம் பி.காம். பட்டதாரிதான். மாத இலக்கு தலைமேல் நிற்கும்போது எட்டாயிரத்தைப் பன்னிரண்டாயிரம் என்று எழுதுவது ஒரு நொடி வேலை. வெல்ஸ் ஃபார்கோ கிளைப் பணியாளரின் நிலையும் பென்னாகரத்து வசூல் அலுவலரின் நிலையும் ஒன்றுதான், சம்பளம் மட்டும் வேறு.

ஆகவே அறத்தைத் தனித் தாளாக வைக்காமல் கணக்கியலுக்குள்ளும் நிதி வகுப்புக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த வாதம் போகும் திசை. இதற்கு இரண்டு எதிர்ப்புகள் வரும். முதலாவது, சீனா அதைத்தான் செய்தது, ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் அறத்தைக் கலந்தது, கடைசியில் கிடைத்தது அரசின் குரல்தானே என்பது. சரியான எச்சரிக்கை. எதைக் கலப்பது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஒரு மதிப்பை மேலிருந்து கொண்டுவந்து கணக்கியல் பாடத்தில் ஒட்டினால் அது பிரசாரம். கணக்கியலுக்குள்ளேயே ஏற்கனவே இருக்கும் கேள்விகளைத் திறந்தால் அது கல்வி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். டேலி கற்பிக்கும் வகுப்பில் அந்தத் திருத்தப் பதிவை எப்படிப் பார்ப்பது என்று காட்டினாலே, அது ஏன் வந்தது, இந்த விதி கம்பெனிகளுக்கு மட்டும் ஏன், தனிநபர் வியாபாரியிடம் வேலை பார்த்தால் உனக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விகள் தாமாக எழும். இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கடினமானது. வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் மறுக்கச் சொல்வது கொடுமை இல்லையா? கம்பெனிச் சட்டம் வைத்திருக்கும் புகார் பாதுகாப்பு ஏற்பாடு பெரிய நிறுவனங்களுக்கானது, மொத்த வியாபாரியின் பில் மேசைக்கு அது எட்டாது. மறுக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பு சொல்லித் தர வேண்டியவை பல இருக்கின்றன. வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேட்பது, முன்தேதியிட்ட பதிவில் தன் பெயர் எங்கே வரும் என்று தெரிந்திருப்பது, போலி ஜிஎஸ்டி பில்லில் கையெழுத்திட்டவருக்குச் சட்டப்படி என்ன நேரும் என்று அறிவது, இரண்டாம் கையெழுத்து தேவைப்படும் ஏற்பாட்டை முதலாளிக்கே நன்மை என்று எடுத்துச் சொல்லும் திறமை. வின்சன் கடிதத்தை மேசைக்குள் வைத்திருந்த நாட்களில் இவற்றில் ஏதாவது ஒன்று அவருக்கு வழக்கமாக இருந்திருந்தால், அந்தப் பதிவு அடுத்த காலாண்டுக்குப் போகாமல் நின்றிருக்கலாம்.

நடைமுறையில் இடம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும், தன்னாட்சி பெறாத கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே மாற்ற முடியாது. அது சேலத்தில் பாடத்திட்டக் குழு முடிவு செய்வது. கல்லூரியின் கையில் இருப்பது அகமதிப்பீட்டு மதிப்பெண். இப்போது அது ஒப்படைப்பு என்ற பெயரில் கைடிலிருந்து பார்த்து எழுதப்பட்டு, ஆசிரியரால் எடை பார்க்கப்பட்டு வரவு வைக்கப்படுகிறது. அந்த ஒப்படைப்பில் ஒன்றை, மாணவர் தம் ஊர்க் குழு ஒன்றின் ரொக்கப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் மூன்று மாதத்துக்குச் சரிபார்த்து, தாம் கண்டதைக் குழுவின் கூட்டத்திலேயே படித்துக் காட்டும் வேலையாக மாற்றலாம். இன்னொன்றை, ஒரு பருவத்து மரவள்ளி விற்பனைச் சீட்டுகளைச் சேர்த்து, பாயிண்ட் எப்படி விலையானது என்று கணக்கிடும் வேலையாக வைக்கலாம். இதற்குப் புது ஆசிரியர் வேண்டாம். வணிகவியல் ஆசிரியரும், ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் கணக்குப் பார்த்துப் பழகிய ஒருவரும் போதும். பின்னவருக்கு வகுப்பறையில் நாற்காலி போடக் கல்லூரி தயாரா என்பது வேறு விஷயம். அதற்கு முன்பு தீர்க்க வேண்டியது அனுமதி. குழுவின் பேரேடு அரசின் சொத்து அன்று, கல்லூரியின் சொத்தும் அன்று. அதில் யார் வீட்டில் எவ்வளவு கடன் என்பது இருக்கிறது. மாணவர் அதைத் திறக்கலாமா, எந்தப் பக்கங்களை, யார் முன்னிலையில் என்பதை அந்தப் பெண்கள் தங்கள் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்திட்ட பிறகுதான் வேலை தொடங்க முடியும். முதல் தேர்வில் மாணவர் தேற வேண்டியது அவர்களிடம்தான்.